எடை ஏறவே இல்லை, பேன்ட் மட்டும் பூட்டவில்லை: சர்க்கரைக்குப் பயப்பட வேண்டுமா?

மாலைநடை:
அப்பாவுக்கு வயது 71, எடை 64 கிலோ. இருபது வருடமாக இதே 64தான், அதில் அவருக்கு ஏகப் பெருமை. ஆனால் பெல்ட்டில் கடைசி ஓட்டையும் போதாமல், ஆணியை வைத்து அடித்துப் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார். போன வாரம் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 6.1 சதவீதம் என்று வந்தது. "எடை சரியாகத்தானே இருக்கு, வயசானா அப்படித்தான்" என்கிறான் அண்ணன். எனக்கு மனசு ஆறவில்லை. தராசை நம்புவதா, டேப்பை நம்புவதா?

கணக்குப்புலி:
நான் உங்கள் அண்ணன் கட்சி. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5ஐத் தொட்டால்தான் நீரிழிவு. 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் வைத்த இலக்கு என்ன? உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி. நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. 60 வயது தாண்டியவர்களிடம் 71 சதவீதம்! இடுப்பு இத்தனை சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்று அங்கே யாரும் இலக்கு வைக்கவில்லை. உங்கள் அப்பாவிடம் குறைக்க எடையே இல்லை. விடுங்கள்.

நர்சக்கா:
தம்பி, அந்த ஆய்வில் சேர்த்ததே எடை கூடியவர்களைத்தான். அதை வைத்து இவருக்கு எப்படி 'விடுங்கள்' என்கிறீர்கள்?

அந்த மாறாத 64தான் எனக்கு உறுத்துகிறது. வயதாக ஆகத் தசை கரையும். தசை போயும் முள் நகரவில்லை என்றால், போன இடத்தைக் கொழுப்பு நிரப்பியிருக்கிறது என்று அர்த்தம். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். அந்தக் கிடங்கு சுருங்குகிறது. போதாததற்கு, குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு தன் கொழுப்பு அமிலங்களை நேரே கல்லீரலுக்கு அனுப்புகிறது. அப்புறம் கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை, வேண்டாத நேரத்திலும் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. தராசுக்கு இதில் எது தெரியும்?

சும்மாபார்வை:
யாஜ்னிக், யுட்கின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2004இல் தங்கள் படத்தையே பக்கத்தில் பக்கத்தில் போட்டு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் குறியீடு) 22.3. உடல் கொழுப்போ ஒருவருக்கு 21.2 சதவீதம், மற்றவருக்கு 9.1. அவ்வளவுதான், நான் கிளம்புகிறேன்.

கணக்குப்புலி:
அந்த இருவரும் 71 வயதுக்காரர்கள் இல்லையே.

சரி, தராசு ஊமை என்றே வைத்துக்கொள்வோம். டேப் மட்டும் என்ன யோக்கியம்? தொப்புளில் வைத்தால் ஒரு கணக்கு, பேன்ட் கட்டும் இடத்தில் வைத்தால் வேறு கணக்கு. 'இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள்' என்பார்கள். முதுகெலும்பு அமுங்கி உயரமே குறைகிற வயதில் அந்தப் பாதியும் மாறிவிடுமே? எனக்கு அதைவிடப் பெரிய பயம், தொப்பை தொப்பை என்று சொல்லிச் சொல்லி வயதானவர்களைப் பட்டினி போடுவது. என் பெரியப்பா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். ஆறு மாதத்தில் இடுப்பு இறங்கியது. கூடவே நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமல் போனது. முதுமையில் சற்றுப் பூசினாற்போல் இருப்பவர்களுக்கு ஆயுள் குறைவதில்லை என்றுகூட ஆய்வுகள் உண்டு.

நர்சக்கா:
பெரியப்பா விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அவர் இழந்தது தசையை. அதனால்தான் நானும் 'எடையைக் குறையுங்கள்' என்று சொல்லவில்லை. இவர் 64லேயே இருக்கட்டும், தசைக்கு வேலை கொடுத்தால் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே நல்ல பயிற்சி. புரதம் குறையக் கூடாது. முழங்கால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும். ஒன்று மட்டும்: எதுவும் செய்யாமல் எடை தானாக இறங்கினால் சந்தோஷப்படாமல் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். சர்க்கரை முற்றினாலும் எடை இறங்கும்.

டேப்பைத் திட்டாதீர்கள், பிடிப்பவர் கையைத் திட்டுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சைச் சாதாரணமாக விட்டபின் அளக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எச்சரிக்கைக் கோடு. உயரம் குறைந்தால் பி.எம்.ஐ.யும்தானே ஆடும்? உங்கள் வாதம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

கணக்குப்புலி:
வெட்டட்டும். தசைப் பயிற்சிக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் 91 வந்தவுடன் நோயாளி என்று முத்திரை குத்தாதீர்கள். முடிவு சொல்ல வேண்டியது ரத்தப் பரிசோதனை.

நர்சக்கா:
அதுதான் 6.1 என்று சொல்லிவிட்டதே, தம்பி.

மாலைநடை:
அளந்துவிட்டேன். முதல் தடவை 91. வயிற்றை எக்கிக்கொண்டு முகம் சிவக்க நின்றிருந்தார். பேச்சுக்கொடுத்து மூச்சு விட வைத்தபின் 96. உயரத்தையும் பார்த்தேன்: 166. பழைய அட்டையில் 169 என்று இருக்கிறது. 96ஐ ஒத்துக்கொண்டார். அந்த மூன்று சென்டிமீட்டரைத்தான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். சுவரில் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறார், நாளைக் காலையில் மறுபடி அளக்க வேண்டுமாம்.