தாய் நிறுவனம் துணை நிறுவனத்துக்குள் எவ்வளவு தூரம் வரலாம்?

நிதிக்கண்:
ஒரு குழுமத்தில், பெரும்பான்மைப் பங்கைத் தாய் நிறுவனம் வைத்திருக்கும் பத்துத் துணை நிறுவனங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திலும் தனித்தனியாக நிதிப் பிரிவு, சம்பளப் பிரிவு, கணினிப் பிரிவு, கொள்முதல் பிரிவு. ஒன்று வங்கியில் பணத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கும், இன்னொன்று அதே வங்கியில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒரு தாய் நிறுவனம் பேசாமல் இருந்தால் அது எதற்கு இருக்கிறது? பணம், கடன், காப்பீடு, சம்பளக் கணக்கு, மென்பொருள், பொதுக் கொள்முதல் எல்லாம் மேலே போய்விட வேண்டும். துணை நிறுவனம் பொருளைச் செய்யட்டும், விற்கட்டும், அது போதும்.

ஆலைவாசி:
நான் ஒரு துணை நிறுவனத்தில் கொள்முதல் பார்க்கிறேன். எங்கள் தாய் நிறுவனம் நீங்கள் சொல்கிற மாதிரியேதான் கொள்முதலைப் பொதுச் சேவை மையத்துக்கு, அதாவது எல்லாத் துணை நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை செய்யும் ஒரே அலுவலகத்துக்கு, மாற்றியது. விலை குறைந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு இயந்திரத்துக்கு உதிரிபாகம் வேண்டும் என்றால் முன்பு ஃபோன் போட்டு மறுநாளே வாங்குவோம். இப்போது மையத்தில் கோரிக்கை பதிய வேண்டும், அவர்கள் மற்ற ஆலைகளின் தேவையையும் சேர்த்து விலைப்புள்ளி கேட்பார்கள், அதுவரை இயந்திரம் நிற்கும். மிச்சமான பணம் அவர்கள் அறிக்கையில் வருகிறது, இயந்திரம் நின்ற நஷ்டம் எங்கள் கணக்கில் ஏறுகிறது. இதற்கு மேல் தாய் நிறுவனம் எங்களிடம் வாங்கும் மேலாண்மைக் கட்டணம் வேறு, அதுவும் விற்பனையில் சதவீதமாக! நாங்கள் உழைத்து விற்பனையைக் கூட்டினால், அவர்கள் புதிதாக எதுவும் செய்யாமலேயே அவர்கள் வரவு கூடும்.

பெர்க்‌ஷயர் ஹாதவேயைப் பாருங்கள், பல தொழில்களை வைத்திருக்கும் அமெரிக்கக் குழுமம். குழுமம் முழுக்க 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், ஒமாஹா தலைமையகத்தில் சுமார் 30 பேர்தான். பொதுச் சேவை மையம் என்று ஒன்று இல்லாமலேயே அது ஓடுகிறது.

நிதிக்கண்:
பெர்க்‌ஷயர் என் பக்கத்துச் சாட்சி. சீஸ் கேண்டீஸ் என்ற மிட்டாய் நிறுவனத்தை 1972-இல் 2.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2007 வரை அது வரிக்கு முன் சம்பாதித்தது 135 கோடி டாலர். தொழிலுக்குள் திரும்பப் போட்ட 3.2 கோடி போக மீதி அத்தனையும் ஒமாஹாவுக்குப் போனது, அந்தப் பணத்தில்தான் வேறு தொழில்களை வாங்கினார்கள். அதாவது மூலதனம் எங்கே போக வேண்டும் என்ற முடிவு முழுக்க மேலேதான்.

ஆலைவாசி:
அந்த இடத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லையே. லாபத்தை எடுத்துக்கொண்டு போகட்டும், எந்தத் தொழிலில் போடலாம் என்று முடிவு செய்யட்டும், தலைமை அதிகாரியை நியமிக்கட்டும், சரியில்லை என்றால் மாற்றட்டும். ஆனால் அங்கே முதலீட்டை மேலே வைத்துக்கொண்டார்கள், அன்றாட வேலையைக் கீழே விட்டார்கள். நீங்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள்.

சட்டக்குறிப்பு:
இடையில் வருகிறேன். இருவரும் பணம் மேலே போவதைச் சாதாரணமாகப் பேசுகிறீர்கள், எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம். ஈவுத்தொகையாகப் போனால் சரி, அது முறையாக அறிவித்து எல்லாப் பங்குதாரருக்கும் போகிறது. கேஷ் பூலிங் அப்படியல்ல. தினமும் மாலை துணை நிறுவனத்தின் கணக்கைத் துடைத்துத் தாய் நிறுவனத்தின் கணக்கில் சேர்த்தால், சட்டத்தின் பார்வையில் அது துணை நிறுவனம் கொடுத்த கடன். நாளைக்குத் தாய் நிறுவனம் விழுந்தால், தன் சொந்தப் பணத்துக்காகத் துணை நிறுவனம் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். நிறுவனம் உரிமையாளரிடமிருந்து பிரிந்த தனி நபர் என்பது 1897-இல் இங்கிலாந்தின் சாலமன் வழக்கிலேயே உறுதியான விஷயம். துணை நிறுவனத்தின் இயக்குநர்களை நியமித்தது தாய் நிறுவனமாக இருக்கலாம், ஆனால் அவர்கள் கடமை தாங்கள் உட்கார்ந்திருக்கும் நிறுவனத்துக்கு. வெளியார் கையில் சிறு பங்கு இருந்தால் இது இன்னும் கூர்மையாகும்.

2018-இல் கடனைக் கட்ட முடியாமல் தடுமாறிய, உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி தரும் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற இந்தியக் குழுமத்தில் 300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்தன. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று பிரித்தெடுப்பதே பெரிய வேலையாகிவிட்டது.

நிதிக்கண்:
ஒப்பந்தம் போட்டு வட்டி கொடுத்தால் அது தீர்ந்துவிடும். தாய் நிறுவனம் உத்தரவாதக் கையெழுத்துப் போடுவதால் துணை நிறுவனத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கிறதே, அதை ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை?

ஆலைவாசி:
அதே உத்தரவாதம் ஜெனரல் எலெக்ட்ரிக்கை என்ன செய்தது என்றும் சேர்த்துக்கொள்வோம். தாய் நிறுவனத்துக்கு இருந்த ஏஏஏ என்ற மிக உயர்ந்த கடன் தரமதிப்பீட்டின் பலத்தில்தான் அதன் நிதிப் பிரிவான ஜிஇ கேப்பிடல் மலிவாகக் கடன் வாங்கி வளர்ந்தது. 2008 நெருக்கடியில் அது ஆடியதும் முழுக் குழுமமும் ஆடியது. 2009-இல் ஏஏஏ போனது, ஈவுத்தொகையை வெட்டினார்கள். டர்பைன் செய்கிறவர்களுக்கும் நிதிப் பிரிவின் கடனுக்கும் என்ன சம்பந்தம்? கையெழுத்துதான் சம்பந்தம்.

நிதிக்கண்:
அது மேலே கட்டுப்பாடு குறைந்ததால் வந்த வினை. கடன் எவ்வளவு வாங்கலாம் என்று மேலிருந்து கடிவாளம் போட்டிருந்தால் அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது.

தேன்மொழி:
நான் பொதுச் சேவை மையத்தில் வேலை பார்த்தவள், எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். ஒவ்வொரு துணை நிறுவனமும் "எங்களுக்கு மட்டும் விதிவிலக்கு" என்று கேட்கும். எல்லாருக்கும் விதிவிலக்கு கொடுத்தால் பத்துப் பழைய பிரிவுகளை ஒரே கட்டிடத்தில் வைத்த மாதிரி ஆகிவிடும், மிச்சம் எதுவும் வராது. அதே நேரம் ஆலைவாசி சொல்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்களை விட்டு வேறு இடத்துக்குப் போக அவர்களால் முடியாது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஆட்களின் வேகம் குறைந்தது. பிறகு பயன்படுத்தும் அளவுக்கு மட்டும் கட்டணம், குறித்த நாளுக்குள் முடிக்காவிட்டால் வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதி வைத்தார்கள். அதற்கப்புறம் ஃபோனை எடுக்க ஆரம்பித்தோம். புதிதாகத் தொடங்கிய சின்னத் துணை நிறுவனங்கள் இந்த உரிமையைத் தொட்டதே இல்லை, அவர்களுக்கு நாங்கள் உண்மையிலேயே தேவைப்பட்டோம். நன்றாக நிலைத்தவர்கள்தான் வெளியே போனார்கள்.

நிதிக்கண்:
விற்பனையில் சதவீதம் என்ற கட்டணத்தை நானும் ஆதரிக்கவில்லை, செய்த வேலைக்குத்தான் கட்டணம். ஆனால் கடன் வரம்பு, ஆடிட், கணினிப் பாதுகாப்பு மூன்றிலும் வெளியே போகும் உரிமை கிடையாது. ஒரு நிறுவனத்தில் ஓட்டை விழுந்தால் மற்ற ஒன்பதும் சேர்ந்து நனையும்.

ஆலைவாசி:
மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகம் வாங்கும் கையெழுத்து ஆலையில் இருக்கட்டும்.

நிதிக்கண்:
ஒரு வரம்பு வரை இருக்கலாம். ஆண்டு ஒப்பந்தங்கள் மையத்தில்தான்.

சட்டக்குறிப்பு:
அந்த வரம்பைத் துணை நிறுவனத்தின் இயக்குநர் குழு தீர்மானமாகப் போட வேண்டும். தலைமையகத்திலிருந்து வரும் மின்னஞ்சலால் அது நிற்காது. பூலில் போட்ட பணத்தை எத்தனை நாளில் திரும்பக் கேட்கலாம் என்பதையும் அதே கூட்டத்தில் எழுதிவிடுங்கள்.