உலாவி வழியாக லினக்ஸ் டெஸ்க்டாப்: பக்கம் திறக்கிறது, ஆனால் சாம்பல் நிறத் திரை மட்டுமே வருகிறது

திரைதேடி எழுதியது:
டெபியன் 12 லினக்ஸும் க்னோம் டெஸ்க்டாப்பும் உள்ள என் கணினியை வெளியிலிருந்து உலாவி மூலமாக மட்டுமே அணுக விரும்புகிறேன். நான் அமர்ந்து அணுகும் எதிர்முனைக் கணினியில் எந்த மென்பொருளையும் நிறுவ எனக்கு அனுமதி இல்லை. என் கணினியில் டைகர்விஎன்சி (திரையைத் தொலைவுக்கு அனுப்பும் விஎன்சி சர்வர்), நோவிஎன்சி (அந்தத் திரையை உலாவியில் காட்டும் பக்கம்), வெப்சாக்கிஃபை (இரண்டையும் இணைக்கும் பாலம்) மூன்றையும் நிறுவியிருக்கிறேன். 6080 போர்ட்டில் பக்கம் திறக்கிறது, கடவுச்சொல்லையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நான் திறந்து வைத்துவிட்டு வந்த சாளரங்கள் எதையும் காணவில்லை. வெறும் சாம்பல் நிறத் திரைதான் தெரிகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

முனையம் எழுதியது:
உலாவிப் பக்கத்தில் கோளாறு இல்லை. விஎன்சி பயன்படுத்தும் சாதாரண டிசிபி இணைப்பை உலாவியால் நேரடியாகத் திறக்க முடியாது என்பதால், வெப்சாக்கெட்டில் (உலாவிக்கு உரிய இணைப்பு முறை) வருவதை வெப்சாக்கிஃபை வாங்கி விஎன்சி சர்வரிடம் கொடுக்கிறது; அந்த வேலை சரியாகவே நடக்கிறது. சிக்கல் அதற்குப் பின்னால் இருக்கிறது. டைகர்விஎன்சி சர்வர் வழக்கமாக, மானிட்டரில் ஓடும் உங்கள் அமர்வைக் காட்டுவதில்லை. தனக்கென ஒரு புதிய மெய்நிகர்த் திரையை உருவாக்கிக்கொள்கிறது. முதல் மெய்நிகர்த் திரை என்றால் அதன் போர்ட் 5901. அதில் எந்த டெஸ்க்டாப்பைத் தொடங்க வேண்டும் என்று தொடக்கக் கோப்பில் சொல்லப்படாவிட்டால் சாம்பல் நிறம்தான் மிஞ்சும்.

ஏற்கெனவே ஓடும் அமர்வே வேண்டுமென்றால் எக்ஸ்11விஎன்சி என்ற வேறொரு விஎன்சி சர்வரைப் பயன்படுத்துங்கள். அதற்கு முன், அமைப்புகளில் கணினி விவரங்களைத் திறந்து, அமர்வு வேலண்டா எக்ஸ்11ஆ (திரையில் சாளரங்களைக் காட்டும் இரு வேறு அமைப்புகள்) என்று பாருங்கள். வேலண்டில் எக்ஸ்11விஎன்சி வேலை செய்யாது. உள்நுழைவுத் திரையில் உள்ள பற்சக்கரச் சின்னத்தை அழுத்தி எக்ஸ்ஆர்க் (அதாவது எக்ஸ்11) அமர்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் தொலைவிலிருந்து செய்வதெல்லாம் அங்கே இருக்கும் மானிட்டரிலும் தெரியும் என்பதை மறவாதீர்கள்.

இரவுக்காவல் எழுதியது:
6080 போர்ட்டை ரூட்டரில் நேரடியாகத் திறந்துவிட்டிருந்தால் இன்றே மூடிவிடுங்கள். சான்றிதழ் எதுவும் அமைக்காத நிலையில் அந்த வழியில் செல்வது குறியாக்கமற்ற போக்குவரத்து. மேலும் விஎன்சியின் வழக்கமான கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே கணக்கில் கொள்கிறது, நீங்கள் இருபது எழுத்து வைத்தாலும் பயனில்லை. விஎன்சி சர்வர், வெப்சாக்கிஃபை இரண்டையும் லோக்கல்ஹோஸ்ட்டில் (அதே கணினிக்குள்) மட்டும் கேட்கும்படி அமைத்து, முன்னால் எச்டிடிபிஎஸ் சான்றிதழோடும் தனிக் கடவுச்சொல்லோடும் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரை இடைத்தரகராக வையுங்கள். எதிர்முனையில் எஸ்எஸ்எச் (குறியாக்கப்பட்ட தொலை இணைப்பு நிரல்) இருந்திருந்தால் அதன் சுரங்கவழி ஒன்றே போதும் என்றிருப்பேன். உங்கள் நிலைமையில் அதற்கு இடமில்லை.

திரைதேடி எழுதியது:
இருவருக்கும் நன்றி. அமர்வு வேலண்டாகத்தான் இருந்தது; எக்ஸ்ஆர்க்கிற்கு மாற்றி எக்ஸ்11விஎன்சியை ஓட்டியதும் என் சாளரங்கள் அப்படியே வந்துவிட்டன. என்ஜின்எக்ஸையும் அமைத்துவிட்டேன். ஆனால் சுட்டியைத் தொடாமல், திரையில் எதுவும் அசையாமல் ஏறத்தாழ ஒரு நிமிடம் இருந்தால் இணைப்பு அறுந்துவிடுகிறது.

முனையம் எழுதியது:
அது என்ஜின்எக்ஸின் வேலை. பின்னாலிருக்கும் சர்வரிடமிருந்து 60 விநாடிகள் எதுவும் வராவிட்டால் அது இணைப்பை மூடிவிடும்; திரை மாறாதபோது விஎன்சி அனுப்புவதற்கும் ஒன்றுமில்லை. காத்திருப்பு நேரத்தைக் கூட்டலாம் என்றாலும், வெப்சாக்கிஃபையில் உள்ள ஹார்ட்பீட் விருப்பத்தை 30 விநாடிகளுக்கு அமைப்பதையே நான் விரும்புவேன். அது இடையிடையே பிங் என்ற சிறு செய்தியை அனுப்பி இணைப்பை உயிரோடு வைத்திருக்கும், உண்மையிலேயே செத்துப்போன இணைப்புகளும் தேங்கி நிற்காது.

இரவுக்காவல் எழுதியது:
பின்னாளில் பல கணினிகளையோ பல பயனர்களையோ சேர்க்க நேர்ந்தால் உலாவி வழித் தொலை அணுகலுக்கான அப்பாச்சி குவாக்கமோலியைப் பாருங்கள். விஎன்சி, ஆர்டிபி (விண்டோஸின் தொலைத்திரை முறை), எஸ்எஸ்எச் மூன்றையும் ஒரே உள்நுழைவுப் பக்கத்தின் பின்னால் வைத்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் சேர்த்துக்கொள்ள முடியும். நோவிஎன்சியில் ஒலி வராது, குவாக்கமோலியில் ஆர்டிபி வழியாக வரும். ஒரே ஒரு கணினிக்கு அதை நிறுவிப் பராமரிப்பது வீண் சுமை என்பது என் கருத்து.