மறுமொழி: ஓவர்கிரிப்புக்குத் தமிழில் என்ன? (ஸ்குவாஷ் மட்டை)

அனைவருக்கும் வணக்கம். மட்டைப் பிடியில் ஏற்கெனவே இருக்கும் கிரிப்பின் மேல் சுற்றுகிற மெல்லிய பட்டைதான் ஓவர்கிரிப்; அதற்குத் தமிழ்ச்சொல் கேட்ட இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> கிரிப்புக்குப் 'பிடி' போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது. பயிற்சியாளர் "கிரிப்பை மாத்து" என்றால் விரல்களை மாற்றி வை என்றும் ஆகும். மட்டையில் சுற்றியிருப்பதைக் கழற்று என்றும் ஆகும். அரிவாளுக்குப் போல மட்டைக்கும் 'பிடி' என்பது அந்தத் தண்டுப் பகுதிதான். விரல் வைக்கும் விதம் 'பற்றுமுறை'. மிச்சம், மேலே சுற்றுகிற பொருள்.

அதிலும் இரண்டு வகை. மட்டையோடு வருவது மெத்தென்று ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும்; தேய்ந்தால் அதை உரித்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும். ஓவர்கிரிப் அரை மில்லிமீட்டர் அளவுதான். முதலாவதன் மேலேயே சுற்றி, வியர்வையில் வழவழத்ததும் எறிந்துவிடுவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஆள் மேலே மேலே சுற்றிக்கொண்டே போவார். பிடி தடித்து, எடை கைப்பக்கம் சாயும். மாற்றாமலே விட்டாலோ, வழுக்கும் மட்டையை இறுக்கிப் பிடித்து முன்கை களைத்துவிடும், பந்து படும் நேரத்தில் மட்டை கைக்குள் திரும்பும். இந்திய ஸ்குவாஷ் அகாடமி இருக்கிற சென்னையின் வியர்வைக்குக் கேட்கவே வேண்டாம்.

> பிடிச்சுற்று, மேற்சுற்று?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'இரண்டாம் சுற்றுக்கு முன் மேற்சுற்றை மாற்றினார்' என்று எழுதிப் பாருங்கள். 'உறை' கிரிக்கெட் மட்டையில் உருட்டி ஏற்றும் ரப்பருக்குப் பொருந்தும், இதற்கு அல்ல. 'மேற்பட்டை'யை அவசரத்தில் 'மேற்பட்ட' என்று படிப்பார்கள்.

என் பரிந்துரை: பொதுப்பெயர் பிடிநாடா. உள்ளே இருப்பது அடிநாடா, அதன் மேல் சுற்றுவது மேல்நாடா. துண்டுத் துணியில் வருவது துவாலைநாடா. மேல்முனையில் ஒட்டி முடிப்பது வெறும் ஒட்டுநாடாதான், அதற்குத் தனிச்சொல் வேண்டாம்.

பராமரிப்புக் குறிப்பில் வைத்துப் பார்த்தேன்:

"மேல்நாடா வழுக்கத் தொடங்கியதும் மாற்றுங்கள். அடிநாடா நைந்திருந்தால் அதையும் உரித்து, பிடியைத் துடைத்துக் காயவிடுங்கள். புதிய நாடாவை அடிமுனையில் தொடங்கி இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள்; விளிம்பின் மேல் விளிம்பு கொஞ்சம் ஏறட்டும், இடைவெளி விழக்கூடாது. ஆட்டம் முடிந்ததும் ஈர மட்டையைப் பைக்குள் பூட்டி வைக்காதீர்கள்."

தடுக்காமல் ஓடுகிறது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் சேர்வதால் செய்திகளிலும் இந்தச் சொற்கள் தேவைப்படும்.

ஒரே ஓர் உறுத்தல். மட்டை பற்றிய பேச்சில் 'அடி' என்றதும் அடிக்கிற அடிதான் முதலில் தோன்றுமோ? அப்படியென்றால் 'உள்நாடா' தேவலையா? ஆடுகிறவர்கள் சொல்லுங்கள்.