முதல் செமஸ்டரில் ஷாட் பிரேக்டவுன் தேவையா? (அனிமேஷன் மாணவர்களுக்கு)

கீஃப்ரேம்காரன்:
‘மூணு நிமிஷக் காட்சியை ஷாட் ஷாட்டாப் பிரிச்சுக் கொண்டு வா’ன்னு முதல் செமஸ்டர்லயே அசைன்மென்ட் கொடுக்கறாங்க. என்னைக் கேட்டா தண்டம். வினாடிக்கு 24 பிரேம், மூணு நிமிஷம்னா 4,320 பிரேம். அதை எண்ணி முடிக்கறதுக்குள்ள பையன் நாலு வாக் சைக்கிள் (திரும்பத் திரும்ப ஓடவிடற நடை அனிமேஷன்) வரைஞ்சிருப்பான். விடிகாலைல கோயம்பேடு மார்க்கெட்டுக்கு அனுப்புங்க. மூட்டை தூக்கறவரைப் பார்க்கட்டும், தலையில மூட்டை ஏறினதும் முழங்கால் லேசா மடிஞ்சே இருக்கும், எட்டு வைக்கற தூரம் குறையும், தலை மேலகீழ ஆடாது. அந்த ஆட்டத்தை இடுப்பும் முழங்காலும் வாங்கிக்கும். இதை எந்தப் படம் சொல்லித் தரும்?

எடிட் மேசை:
நடை சரி சார். அவரை எந்த உயரத்துலேர்ந்து காட்டுவீங்க, எத்தனை பிரேம்ல வெட்டுவீங்க? மார்க்கெட் அதைச் சொல்லாது. ரெண்டு பேர் பேசற காட்சியில அவங்களை இணைக்கற கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டிட்டா ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கற மாதிரி ஆயிடும். ஷாட்களை வரிசையா வரைஞ்சு பார்க்கற ஸ்டோரிபோர்டுல கண்டுபிடிச்சா அழிச்சு வரைஞ்சாப் போதும். லைட்டிங் முடிஞ்ச பிறகு தெரிஞ்சா ஷாட்டே குப்பை. ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் நூறு வருஷத்துக்கு முன்னாடியே காட்டிட்டாரு: அதே முகம், பக்கத்துல சூப்புக் கிண்ணம் வந்தா பசி, சவப்பெட்டி வந்தா துக்கம். ஒரு டிராயிங் கூட அதிகமாப் போடாம நடிப்பு வருது!

கீஃப்ரேம்காரன்:
கொள்கை நல்லாத்தான் இருக்கு. நடக்கறது என்னன்னா, பையன் பிரேமை நிறுத்தி அதுக்கு மேலயே ட்ரேஸ் பண்றான். 180 டிகிரி ஷட்டர்ல, அதாவது பிரேம் நேரத்துல பாதி மட்டும் திறந்திருக்கற ஷட்டர்ல, ஒவ்வொரு பிரேமும் வினாடியில 48-ல ஒரு பங்கு நேரம் பதியுது, அதனால வேகமா வீசற கை அழிஞ்சு தெரியும். அந்த அழிஞ்ச கையைப் போஸ்னு நம்பி வரையறான். டிராயிங்குக்கு டிராயிங் நகர்ற இடைவெளி எல்லாம் ஒரே சீரா வந்து கேரக்டர் தண்ணிக்குள்ள நடக்குது. படத்து மேல ட்ரேஸ் பண்ற இந்த ரோட்டாஸ்கோப் முறைக்கு அனிமேட்டர் ஃப்ளைஷர் காப்புரிமை வாங்கினது 1917-ல. அந்த மிதப்பு இன்னும் தீரல.

எடிட் மேசை:
ட்ரேஸ் பண்ணச் சொன்னது யாரு? பிரேக்டவுன்னா ஷாட்டை அளக்கறது, ஆளை நகலெடுக்கறது இல்ல. அப்புறம், வெறுங்கண்ணை ரொம்ப நம்பாதீங்க. குதிரை பாயும்போது கால் நாலும் முன்னும் பின்னும் நீட்டி அந்தரத்துல இருக்கும்னு காலங்காலமா ஓவியர்கள் வரைஞ்சாங்க. 1878-ல புகைப்படக்காரர் மைப்ரிட்ஜ் படம் எடுத்தப்புறம்தான் தெரிஞ்சுது, கால்கள் வயித்துக்கடியில கூடும்போதுதான் நாலும் தரையை விட்டிருக்குன்னு. உங்க மூட்டைக்காரர் முழங்காலையும் போன்ல எடுத்துப் பிரேம் பிரேமாப் பார்த்தாத்தான் நம்பலாம்.

தாம்பரம் லோக்கல்:
சண்டை இருக்கட்டும்ணா. எப்படிப் பண்றதுன்னு யாராவது சொல்லுங்க. நான் எண்ணினா ஒவ்வொரு தடவையும் கணக்கு வேற வருது.

எடிட் மேசை:
க்ளிப் நெட்டுலேர்ந்து எடுத்ததா? வினாடிக்கு 24 பிரேம்ல எடுத்த படத்தை 30 ஆக்கிப் போட்டிருப்பாங்க. வி.எல்.சி. வீடியோ பிளேயர்ல ‘ஈ’ (E) கீயை அழுத்தி ஒவ்வொண்ணா நகர்த்து. அஞ்சுல ஒரு பிரேம் அசையாம நின்னா அது இரட்டிப்பு, அதை எண்ணாதே. டிவிக்காக 25-ல ஓடவிட்ட பிரதின்னா எல்லாமே 4 சதவீதம் வேகம்.

மூணு நிமிஷம் வேண்டாம், ஒண்ணு போதும். முதல்ல சத்தமில்லாம ஓடவிடு. ஏ4 தாள்ல 5 செ.மீ. அகலம், 2.1 செ.மீ. உயரம்னு ஸ்கோப் (அகலத்திரை) கட்டம் போடு. ஒரு கட்டம் வரைய அரை நிமிஷம், கறுப்பும் சாம்பலும் மட்டும், மூக்கு கண்ணெல்லாம் வேண்டாம். கீழே பிரேம் எண்ணிக்கை, கேமரா உயரம், வெளிச்சம் வர்ற பக்கம். கடைசியா எழுதறதுதான் உயிர்: ஷாட் முடியறப்போ கண் எங்க இருந்துச்சு, அடுத்தது தொடங்கறப்போ எங்க போகணும். வலது ஓரத்துலேர்ந்து இடது ஓரத்துக்குத் தாவணும்னா, புது ஷாட்டோட முதல் சில பிரேம் பார்க்கறவனுக்கு வீண். முக்கியமான அசைவை அங்க வைக்காதே.

கீஃப்ரேம்காரன்:
லென்ஸையும் சொல்லுங்க சார், அதுலதான் பசங்க மாட்டிக்கறாங்க. 50 எம்.எம்.ல எடுத்த ஷாட்னு எங்கயோ படிச்சிட்டு ப்ளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல 50 போடறான், காட்சி விரிஞ்சு போயிடுது. ப்ளெண்டர் கேமராவோட சென்சார் அகலம் 36 எம்.எம்.; சினிமா கேமராவோட சூப்பர் 35 பிரேம் அகலம் 25-க்குக் கொஞ்சம் கம்மி. 72 போட்டாத்தான் அதே கோணம் கிடைக்கும். இல்ல, சென்சார் அகலத்தையே மாத்திடு.

தாம்பரம் லோக்கல்:
அப்போ பிரேக்டவுனுக்கு ஒத்துக்கறீங்களாண்ணா?

கீஃப்ரேம்காரன்:
ஒரு நிமிஷம்னா சரி, ஆனா ரெண்டாவது செமஸ்டர்ல. அதுக்கும் மார்க் அந்தத் தாளுக்குக் கிடையாது. அதே ஷாட் நீளங்களை வச்சு மூட்டைக்காரரை அனிமேட்டிக் (அசையாத டிராயிங்களை நேரத்தோட ஓடவிடற வரைவு வீடியோ) பண்ணிக் காட்டட்டும்.

எடிட் மேசை:
அதே நீளத்தை வைக்காதீங்க சார்! அசையாத டிராயிங் திரையில இருக்கற நேரத்தைவிட நீளமாத் தெரியும். அனிமேட்டிக்ல இழுக்குதுன்னு அங்கயே வெட்டினா, அனிமேஷன் ஏறினதும் மூட்டையை இறக்கி வைக்க நேரமே இருக்காது. முதல்ல ரஃப் போஸ் போட்டுட்டு வெட்டச் சொல்லுங்க. ரெண்டாவது செமஸ்டர் வரைக்கும் ஏன் காத்திருக்கணும்னு எனக்கு இன்னும் விளங்கல.