புதுப்பிப்பு: நேட்டாலுக்குப் போன சின்னப் பாட்டனார் பதிவேட்டில் கிடைத்தார்

சென்ற மாதம் இந்தக் குழுவில் என்னை அறிமுகம் செய்துகொண்டபோது, குடியாத்தம் பக்கத்து நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்றும், கொள்ளுத் தாத்தாவின் தம்பி மொரீசியசுக்குக் கப்பலேறியவர் என்றும் எழுதியிருந்தேன். பின்னது தவறு, அவர் போனது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை, ஐந்தாண்டுக் கூலி ஒப்பந்தத்தில் அங்கே சென்ற சுமார் 1,52,000 இந்தியர்களின் விவரங்கள் பதிவேடுகளில் உள்ளன என்றும், பெயரைவிடத் தந்தை பெயர், ஜில்லா, தாலுகா ஆகியவற்றைக் கொண்டு தேடுவதே நல்லது என்றும் இங்குள்ள அன்பர் ஒருவர் கூறியிருந்தார். அவ்வாறே தேடினேன். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் எங்கள் ஊரின் பெயர் உருமாறிப் போயிருந்தது (வாய்விட்டுப் படித்த பிறகே பிடிபட்டது). ஆனால் தந்தை பெயரும் வட ஆற்காடு ஜில்லாவும் பொருந்தின. அங்க அடையாளக் கட்டத்தில் 'இடப் புருவத்தின் மேல் தழும்பு' என்றிருந்தது. சிறு வயதில் மாடு முட்டியதாகப் பாட்டி சொல்லிவந்த அதே தழும்பு.

ஊர் திரும்பினாரா, அங்கேயே தங்கினாரா என்பதை அடுத்துத் தேடவிருக்கிறேன்.