கடல் காற்றாலை அனுமதி: பறவைகளுக்கான ஈடு பற்றி உதவி வேண்டும்

வணக்கம். இங்கிலாந்துக் கடலில் காற்றாலைகளுக்கு அரசு அனுமதி தரும் முறையைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

எனக்குப் புரிந்தவரை, கடலடி நிலத்தைக் கிரௌன் எஸ்டேட் (பிரிட்டிஷ் முடியாட்சிக்குரிய சொத்துகளை நிர்வகிக்கும் அமைப்பு) குத்தகைக்கு விடுகிறது. 100 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திட்டங்கள் 2008-ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டத்தின் கீழ் வரும். விசாரணைக்கு அதிகபட்சம் 6 மாதம், பரிந்துரை எழுத 3 மாதம், அமைச்சர் முடிவெடுக்க இன்னொரு 3 மாதம். (அமைச்சர் இந்தக் கெடுவைத் தள்ளிப்போடலாம்.) சரி, இதுவரை தெளிவு.

குழப்பமெல்லாம் கடற்பறவைகள் விஷயத்தில்தான். 2020 டிசம்பரில் ஹார்ன்சீ மூன்றாம் கடல் காற்றாலைத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தபோது, கிட்டிவேக் என்ற கடற்பறவைகளுக்காகச் செயற்கைக் கூடுமேடைகள் அமைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. காற்றாலையின் சுழலும் இறக்கைகளில் அடிபடும் பறவைகளுக்கு ஈடாக இத்தனை கூடுகள் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மேடைக்குப் பறவைகளே வராவிட்டால் அப்புறம் என்ன நடவடிக்கை? அனுமதி ஆணையில் எந்தப் பகுதியைப் படித்தால் இது புரியும்?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். இரண்டு வரி விளக்கமானாலும் போதும். பறவைகளைப் பற்றிய இந்தப் பகுதியை மட்டும் தவறாக எழுதிவிடக் கூடாது என்று கவலையாக இருக்கிறது.