400 பேர் சாம்பிளில் சின்னப் பிரிவுக்கு 16 பேர்தான் வருகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி (ஆய்வு மாணவி):
ஒரு நகரத்தில் மருத்துவ வசதியை யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று முனைவர் பட்டத்துக்காக சர்வே எடுக்கப் போகிறேன். நான்கு மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் ஒரு பிரிவு 4 சதவீதம்தான். 400 பேர் போதும் என்கிறார் நெறியாளர். குலுக்கல் முறையில் எடுத்தால் அந்தப் பிரிவில் 16 பேர் வந்தாலே அதிகம், ஆனால் எனக்கு முக்கியமே அவர்கள்தான். பிரிவுக்கு 100 என்று சமமாக எடுத்துவிடலாமா?

பதில் 1:
எடுக்கலாம். 400 பேரில் பிழை, அதாவது உண்மையிலிருந்து இரு பக்கமும் விலகக்கூடிய அளவு, சுமார் 5 சதவீதப் புள்ளி, 16 பேரில் 25 புள்ளி. அதாவது பாதிப் பேர் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்று வந்தால் உண்மை 25-ஆகவும் இருக்கலாம், 75-ஆகவும் இருக்கலாம், அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. 100 பேர் என்றால் 10 புள்ளியாகக் குறையும். ஆனால் நகரம் முழுவதற்கும் சேர்த்து ஒரு எண் சொல்லும்போது வெயிட் போட்டே ஆக வேண்டும், அதாவது ஒவ்வொருவர் பதிலையும் அவர் பிரிவின் உண்மையான பங்குக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ எண்ண வேண்டும். 4 சதவீதம் பேர் சாம்பிளில் 25 சதவீதமாக இருப்பதால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் 0.16. பெரிய பிரிவு 60 சதவீதம் என்றால் அங்கே 2.4, ஒருவர் பதினைந்து பேர் கனம்! வெயிட் இவ்வளவு ஏறி இறங்கினால் மொத்த எண்ணின் துல்லியம் அடிவாங்கும். நானாக இருந்தால் சின்னப் பிரிவுக்கு 60 வைப்பேன்.

பதில் 2:
கணக்கு சரி, ஆனால் பெயர்களை எந்தப் பட்டியலிலிருந்து எடுக்கிறீர்கள்? 1936-இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் அதிபர் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்டு சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பெயர்கள்தான் அந்தப் பட்டியலில் அதிகம், அதிலும் பதில் போட்டவர்கள் ஒரு சாரார்.

பதில் 3 (களப்பணியில் இருப்பவன்):
கதவைத் திறப்பவரிடமே கேள்வி கேட்காதீர்கள். ஒருமுறை முதல் வாரப் படிவங்களை அடுக்கிப் பார்த்தோம், வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் நாங்கள் போனதெல்லாம் காலை பதினொரு மணிக்கு. அப்புறம், வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவரிடம்தான் கேட்பது, ஆள் இல்லையென்றால் வெவ்வேறு நேரத்தில் மூன்று தடவை போவது என்று மாற்றினோம்.

இன்னொன்று, மொழி. ஒரு வீட்டில் அம்மாவின் பதிலைப் பள்ளிக்கூடம் போகும் மகன்தான் எங்களுக்கு மொழிபெயர்த்தான். மாதவிடாய்த் தொந்தரவு பற்றிய கேள்வி வந்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான், அந்த அம்மா "ஒன்றும் இல்லை" என்று கையசைத்தார். படிவத்தில் "இல்லை" என்று பதிவாகிவிட்டது. அந்தப் பிரிவில் 100 பேரை எடுத்து இப்படி நிரப்பினால் என்ன பயன்?

ஆய்வு மாணவி:
மூவருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது மின் இணைப்புப் பட்டியல். இப்போதுதான் உறைக்கிறது, அந்த 4 சதவீதத்தில் பலர் ஒரே அறையில் நான்கைந்து பேராக வாடகைக்கு இருப்பவர்கள், இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். தெருத் தெருவாகப் போய், அறைகளையும் சேர்த்து முதலில் பட்டியலைப் போடுகிறேன். 60-ஆ 100-ஆ என்பதை அதற்குப் பிறகு நெறியாளரிடம் பேசிக்கொள்கிறேன். அந்த மொழி பேசும் இரண்டு பெண்களைக் களத்துக்குச் சேர்க்க இன்றே விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன்.